பிஸ்டல், ரிவால்வர், ஏர் பிஸ்டல்: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், பொள்ளாச்சிப் பக்கம் கைத்துப்பாக்கி பற்றிப் பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். சட்டம் என்று சொல்லும் இடமெல்லாம் 1959ஆம் வருட ஆயுதச் சட்டம், அதன் 2019 திருத்தம், 2016 ஆயுத விதிகள் மூன்றும் சேர்ந்ததுதான்.

பிஸ்டல், ரிவால்வர் ரெண்டும் ஒண்ணுதானுங்களே?

இல்லை. ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளைக்குள் இருக்கும், வழக்கமாக ஆறு. டிரிக்கரை இழுக்க இழுக்க உருளை ஒவ்வொரு அறையாக நகரும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் இருக்கும். சுட்டதும் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் போய்க் காலி கேஸை (தோட்டாவின் உலோகக் கூட்டை) வெளியே தள்ளிவிட்டு, முன்னால் வரும்போது அடுத்த தோட்டாவைப் பேரலுக்குள் (குழலுக்குள்) ஏற்றிக்கொள்ளும்.

புழக்கத்தில் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ரிவால்வர் காலியா இல்லையா என்று உருளையைத் திறந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். பிஸ்டலில் மேகசினைக் கழற்றிக் கீழே வைத்த பிறகும் சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா நிற்கும் அறையில்) ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். “மேகசின் எடுத்தாச்சு, காலிதான்” என்ற நினைப்பில்தான் வீட்டுக்குள் விபத்து நடக்கிறது.

லைசென்ஸ் யாருங்க தர்றது? கலெக்டராபீசா, கமிஷனராபீசா?

உங்கள் வீடு எந்த எல்லைக்குள் வருகிறது என்பதைப் பொறுத்தது. கோவை, திருப்பூர், சேலம் போன்ற மாநகரக் காவல் எல்லைக்குள் இருந்தால் போலீஸ் கமிஷனர் அலுவலகம். அதற்கு வெளியே மாவட்ட ஆட்சியர். மாநகராட்சி எல்லையும் மாநகரக் காவல் எல்லையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. உங்கள் ஸ்டேஷன் யாருக்குக் கீழ் வருகிறது என்று அங்கேயே கேட்டுக்கொண்டு போனால் ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

விண்ணப்பம் ஏ-1 படிவத்தில். முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று, உடல்நிலையும் மனநிலையும் சரியாக இருப்பதாக மருத்துவர் தரும் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாக வைத்திருப்பதற்கான உறுதிமொழி, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எல்லாம் வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வருவார்கள், பக்கத்து வீட்டிலும் கேட்பார்கள். உரிமம் வந்ததும் உங்கள் பெயரில் ஒரு தனி அடையாள எண் தேசியத் தரவுத்தளத்தில் ஏறும். அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது. பழைய கைப்புத்தகம் மட்டும் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உரிமம் 5 வருடத்துக்குச் செல்லும். 2019க்கு முன்னால் 3 வருடமாக இருந்தது.

தோட்டத்துச் சாளையில நானும் ஊட்டுக்காரியும் தனியா இருக்கறோம். அதைச் சொன்னா குடுப்பாங்களா?

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் “பயமாக இருக்கிறது” என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் எடுபடாது. உங்கள் உயிருக்கு என்ன ஆபத்து, எதனால் என்று அதிகாரி பார்ப்பார். பக்கத்து வீடு எவ்வளவு தூரம், அந்த வட்டாரத்தில் நடந்த கொள்ளை வழக்குகள், நீங்கள் முன்பு கொடுத்த புகாரின் ரசீது, பணம் அல்லது நகை கையாளும் தொழில் என்றால் அதன் ஆதாரம், இவற்றைத் தேதியோடு இணைக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, மேல்முறையீடு செய்யலாம்.

இன்னொன்றையும் மனதார யோசித்துப் பாருங்கள். தனித் தோட்டத்து வீட்டுக்கு முதல் காவல் நல்ல வெளிச்சம், கம்பி வேலி, கேமரா, நாய், கதவின் உள்தாழ்ப்பாள், இவைதான். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கத்தில் எழுந்து பீரோவைத் திறந்து, துப்பாக்கியையும் வேறு பெட்டியிலிருக்கும் தோட்டாவையும் எடுத்து ஏற்றுவதற்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை வாங்கித் தருவது வேலியும் தாழ்ப்பாளும்.

லைசென்ஸ் இல்லாம பழகறதுக்கு வழி உண்டுங்களா?

உண்டு, அதுவும் நல்ல வழி. 4.5 மி.மீ. குழாயும் 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றலும் உள்ள, காற்றழுத்தத்தால் சுடும் ஏர் பிஸ்டலுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. கடையில் அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். அதைவிடப் பெரிய குழாயோ கூடுதல் ஆற்றலோ உள்ளதற்கு உரிமம் வேண்டும்.

ஒலிம்பிக் போட்டியில் இருக்கும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இதே 4.5 மி.மீ. இனம்தான். குறி அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., நம் ஊர்ச் சட்டைப் பொத்தான் அளவு. அதை ஒற்றைக் கையால், பத்து மீட்டருக்கு அப்பால் நின்று அடிக்க வேண்டும். 60 குண்டு, எலக்ட்ரானிக் டார்கெட்டில் 75 நிமிடம். டிரிக்கர் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது, பிஸ்டல் எடை 1,500 கிராமைத் தாண்டக்கூடாது.

வீட்டிலேயே இடம் போடலாம். நிற்கும் கோட்டிலிருந்து அட்டைக்கு 10 மீட்டர், அட்டையின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.4 மீட்டர். அட்டைக்குப் பின்னால் குண்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டியும், அதற்கும் பின்னால் கதவில்லாத சுவரும் வேண்டும். குடோன், தறிக்கூடத்தின் நீளச் சந்து, மாடி வராந்தா எல்லாம் இதற்கு ஒத்துவரும். தட்டைத் தலை ஈயக் குண்டையே வாங்குங்கள். அது அட்டையில் வட்டமாகக் கத்தரித்த மாதிரி ஓட்டை போடும், கூர் முனை கிழித்துவிடும். சுட்டு முடித்ததும் ஈயம் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் ஒரு வருடமாவது இதில் பழகிவிட்டு வந்தால், பிறகு வாங்குவதையும் அறிந்து வாங்குவார்கள் என்பது எங்கள் திடமான எண்ணம்.

எத்தனை துப்பாக்கி வெச்சுக்கலாம்? மாமனார் மூணு வெச்சிருந்தாரே?

2019 டிசம்பர் வரை மூன்று. அதன் பிறகு ஓர் ஆளுக்கு இரண்டுதான். மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும். இன்னும் வீட்டில் இருந்தால் அது உரிமமில்லாத துப்பாக்கிக் கணக்கில் வரும். ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு உடனே ஒப்படையுங்கள்.

போட்டி வீரர்களுக்குத் தனி ஏற்பாடு. சர்வதேசப் பதக்கம் வென்றவர்களும் பெயர்பெற்ற வீரர்களும் 2020 விதித் திருத்தப்படி 12 வரை வைத்திருக்கலாம். அதற்கு மாநில, தேசியச் சங்கங்களின் சான்று வேண்டும். வெறும் கிளப் உறுப்பினர் கார்டு போதாது.

9 எம்எம் வாங்கலாமுங்களா? .32ன்னா எல்லா .32ம் ஒண்ணுதானே?

சாதாரண உரிமத்தில் 9 மி.மீ. பாராபெல்லம் கிடைக்காது. அது தடைசெய்யப்பட்ட போர் (குழல் அளவு). பொதுவாக நம் பக்கம் கிடைப்பது அங்குலக் கணக்கில் சொல்லும் .32, .22 போன்றவை. உள்நாட்டில் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையும் மேற்கு வங்கத்து இச்சாபூர் ரைபிள் தொழிற்சாலையும் செய்பவைதான் அதிகம். 2014ல் வந்த நிர்பீக் ரிவால்வர் .32, எடை 500 கிராம். நிடார் .22, எடை 250 கிராம். அசனி .32 பிஸ்டல்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஒன்றல்ல. கடையில் தோட்டா வாங்கும்போது மிக அதிகமாகக் குழம்புவது இங்கேதான். பிஸ்டலுக்கு .32 ஏசிபி என்ற தோட்டா. அதன் கேஸ் நீளம் 17 மி.மீ. ரிவால்வருக்கு .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். அதன் கேஸ் நீளம் 23 மி.மீ., அடியில் தட்டு மாதிரி விளிம்பு நன்றாக வெளியே நிற்கும். இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை என்று குழந்தைக்கும் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. “.32 தோட்டா குடுங்க” என்று மட்டும் கேட்காமல் பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும் உங்கள் பேரலில் பொறித்திருப்பதையும் வைத்துப் பாருங்கள்.

தோட்டா எவ்வளவு வாங்கலாம்? எவ்வளவு நாள் கெடாம இருக்கும்?

ஒரு சமயத்தில் எத்தனை, வருடத்துக்கு எத்தனை என்று உங்கள் உரிமத்திலேயே எழுதியிருக்கும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் டீலர் அதில் பதிவார். பதியாமல் கொடுத்தால் வாங்காதீர்கள்.

எண்ணெய் படாமல், ஈரமில்லாத பெட்டியில் இருந்தால் பல வருடம் நிற்கும். பித்தளையில் பச்சை பூத்தது, குண்டு கேஸுக்குள் ஆடுவது, நசுங்கியது ஆகியவற்றைத் தனியாக எடுத்து டீலரிடம் கொடுத்துவிடுங்கள். ஏசிபி தோட்டாவுக்குப் பாதி விளிம்பு உண்டு. மேகசினில் போடும்போது மேலே வரும் தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டும் பூட்டிக்கொண்டு பிஸ்டல் நடுவிலேயே நின்றுவிடும். பிஸ்டல் சரியில்லை என்று டீலரிடம் தூக்கிக்கொண்டு போகும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

சுட்டா “டுப்”புனு சத்தம் கம்மியா வந்துச்சு. அடுத்ததைச் சுடலாமா?

கூடவே கூடாது. தோட்டாவின் வெடிமருந்து சரியாக எரியாமல் குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும் அல்லது வெடிக்கும். கீழே வைத்து, காலி செய்து, பின்பக்கமிருந்து பேரலில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் டீலரிடம்தான்.

டிரிக்கரை இழுத்தும் சத்தமே வரவில்லை என்றால், துப்பாக்கியின் வாயைப் பத்திரமான பக்கம் நீட்டியபடியே 30 வினாடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பது உண்டு. உடனே திருப்பி முகத்துக்கு நேராகப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு.

ஃபாரின் பிஸ்டல் தங்கச்சிப் பையன் கிட்டச் சொல்லிக் கொண்டாரச் சொல்லலாமா?

முடியாது. 1980களின் நடுவிலிருந்தே தனி ஆட்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டுவிட்டது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் அனுமதியோடு வழி உண்டு. பழைய வெப்லி, கோல்ட், வால்தர் எல்லாம் இன்றைக்கும் லட்சக்கணக்கில் விலை போவதற்குக் காரணம் இதுதான். ஏற்கெனவே நாட்டுக்குள் இருப்பதே கைமாறிக்கொண்டிருக்கிறது. பேருக்காக அந்த விலை கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் அதற்கு உதிரிப் பாகம் கிடைக்காது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழசு வாங்கறப்ப என்னென்ன பாக்கோணும்?

முதலில் பொறித்த எண். துப்பாக்கியில் இருப்பதும் விற்பவரின் உரிமத்தில் இருப்பதும் ஒரு எழுத்து கூட மாறக்கூடாது. தேய்த்து மறுபடி பொறித்த மாதிரி இருந்தால் அத்தோடு எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

அடுத்து பேரல். காலி என்று பார்த்துக்கொண்டு, பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை வைத்து முன்பக்கமிருந்து பாருங்கள். வரிப்பள்ளங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும். நடுவில் மோதிரம் மாதிரி ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தால், மேலே “டுப்” சத்தம் பற்றிச் சொன்ன மாதிரி எப்போதோ குண்டு மாட்டிய பேரல் அது.

ரிவால்வர் என்றால், காலி நிலையில் சுத்தியலை ஏற்றி, டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடி, சுத்தியலை விரலால் மெல்ல இறக்கி, டிரிக்கரை விடாமல் உருளையை ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருக்கும். கடகடவென்று ஆடினால் அறையும் பேரலும் நேர்க்கோட்டில் வராமல், சுடும்போது ஈயம் சீவிப் பக்கவாட்டில் தெறிக்கும். ஆறு அறைகளுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஐந்து சரியாக இருந்து ஒன்று கெட்டிருப்பதும் உண்டு. .22வில் காலியாக டிரிக்கரை அடித்துப் பார்க்காதீர்கள், தோட்டாவை அடிக்கும் ஊசி (ஃபயரிங் பின்) அறையின் விளிம்பில் மோதிக் கெடும்.

அப்பாரு பேர்ல ஒரு ரிவால்வர் இருக்குது. அவரு தவறிட்டாரு. இப்ப என்ன பண்றது?

முதல் வேலை, அதை வீட்டில் வைத்திருக்காதீர்கள். உரிமம் அவர் பெயருக்கு. அவரோடு அது முடிந்தது. ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீது, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு ஒருவர் பெயருக்கு உரிமம் கேட்கலாம். மேலே சொன்ன இரண்டு என்ற வரம்பு அவருக்கும் உண்டு.

பெரியவர் இருக்கும்போதே மாற்றுவது இன்னும் சுலபம். அவருக்கு 70 வயது ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, எது முன்னால் வருகிறதோ அப்போதே ஒரு வாரிசை அவர் சொல்லலாம். பங்காளிச் சண்டைக்கு இடமே வராது.

சுடறதுக்கு இல்லீங், பழைய துப்பாக்கி சேகரிக்க ஆசை. அதுக்கும் லைசென்ஸ் வேணுமா?

சரி செய்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்கு ஆயுதச் சட்டம் பொருந்தாது. அரும்பொருள் வகையில் வரும் சிறு ஆயுதத்தை இந்தியக் குடிமகன் வாங்கி வைத்திருக்க உரிமம் வேண்டாம் என்று 2020 திருத்தம் சொல்கிறது. ஆனால் பயன்படுத்தவும், எடுத்துச் செல்லவும், அதற்குத் தோட்டா வாங்கவும் உரிமம் வேண்டும். எது அரும்பொருள் என்பதை வைத்திருப்பவரே முடிவு செய்யக்கூடாது. “பழசுதானே” என்று பரண் மேல் கிடக்கும் துப்பாக்கி சுடும் நிலையில் இருந்தால் வழக்குதான். உரிமம் தரும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

பார்த்தாலே போதும் என்பவர்களுக்குக் கோவை ஹாமில்டன் கிளப் கட்டடத்தில் காவல் அருங்காட்சியகம் இருக்கிறது. பல வகை ஆயுதங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

நம்மூர்ல இல்லாத லேத்தா? பின்னு, ஸ்பிரிங்கு, பேரல் எல்லாம் பீளமேட்டுலயே அடிச்சுக்கலாமே?

கோயமுத்தூர்க் கைவேலைக்கு அது பெரிய வேலையில்லை என்பது உண்மை. ஆனால் உரிமம் இல்லாத பட்டறையில் துப்பாக்கிப் பாகம் செய்வது, பழுது பார்ப்பது, மாற்றுவது எல்லாமே சட்டவிரோத உற்பத்தி. தண்டனை 7 வருடத்தில் தொடங்கி ஆயுள் வரை போகும். பட்டறைக்காரரும் மாட்டுவார். பேரலைக் குட்டையாக்குவது, ஒரு வகையை இன்னொரு வகையாக்குவது, சத்தம் குறைக்கும் குழாய் மாட்டுவது எதையும் நினைக்கவே வேண்டாம். ஸ்பிரிங் தளர்ந்தால் டீலர் வழியாக மட்டும்.

நீங்களே செய்துகொள்ளக்கூடியது கைப்பிடிப் பலகை. தேக்கு அல்லது ஈட்டி மரம், நன்றாகக் காய்ந்தது. பழைய பலகையைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டு அச்செடுத்து, ஸ்க்ரூ ஓட்டையை முதலில் போட்டுப் பொருத்திய பிறகே வெளிப்பக்கத்தைச் செதுக்க வேண்டும். வெளிப்பக்கத்தை அழகாக முடித்துவிட்டு ஓட்டை அரை மி.மீ. தள்ளிப் போனால் பலகை வீண். மேகசின் கொக்கியையும் சேஃப்டியையும் பலகை உரசக்கூடாது.

ஏர் பிஸ்டல் கைப்பிடி எனக்குச் சேரவே மாட்டேங்குது. என்ன பண்றதுங்?

மனசுக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ள முழு இடம் இருப்பது இங்கேதான். முதலில் சோதனை: குறிக்கு நேரே நின்று, கண்ணை மூடி, கையைத் தூக்கி நிறுத்தி, மூச்சை விட்டு, கண்ணைத் திறங்கள். முன் குறிமுனை பின் பள்ளத்துக்கு நடுவில் தானாக நிற்க வேண்டும். பத்து முறை செய்து ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எப்போதும் இடது பக்கமே நிற்கிறது என்றால் மணிக்கட்டால் திருத்தாதீர்கள். கைப்பிடியைத் திருப்பும் ஸ்க்ரூவில் கொஞ்சம் மாற்றி மறுபடி பத்து முறை பாருங்கள். நல்ல போட்டி பிஸ்டல்களில் அந்த வசதி உண்டு.

இரண்டாவது, உள்ளங்கைக்குக் கீழே வரும் தாங்கு பலகை. இறுக்கிப் பிடித்தால் கை நடுங்கும். ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி போதும். அந்தப் பலகை கைப்பிடிக்கு 90 டிகிரிக்குக் குறையாமல் நிற்க வேண்டும், மணிக்கட்டைச் சுற்றி வரக்கூடாது. மீறினால் போட்டிக்கு முன் நடக்கும் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இடைவெளி இருக்கும் இடத்தில் இரண்டு கலவை மரப் புட்டியை அப்பி, கையில் மெல்லிய பாலிதீன் உறை போட்டுப் பிடித்து அச்செடுங்கள். ஒரு ராத்திரி காயவிட்டு, உப்புத்தாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். சிவந்த இடம் கையில் எங்கே வருகிறதோ அங்கே மட்டும். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

காலி பண்றதுல என்னங்க பெரிய வேலை? ஸ்லைடை இழுத்தா வந்துருமே?

வரிசை மாறினால் உயிர் போகும். முதலில் மேகசினை வெளியே எடுக்க வேண்டும், பிறகுதான் ஸ்லைடு. மாற்றிச் செய்தால், ஸ்லைடை இழுத்ததும் ஒரு தோட்டா வெளியே விழும், விட்டதும் மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறும். அதன் பிறகு மேகசினைக் கழற்றினால் சேம்பரில் ஒன்று தயாராக உட்கார்ந்திருக்கும். கண் முன்னால் ஒரு தோட்டா விழுந்ததைப் பார்த்ததால் காலி என்று மனசும் நம்பிவிடும்.

வாயைப் பத்திரமான பக்கம் நீட்டுங்கள், விரல் டிரிக்கருக்கு வெளியே. மேகசின். ஸ்லைடை இழுத்துப் பின்னாலேயே நிறுத்துங்கள். சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரல் நுனியால் தொட்டும் பாருங்கள், இருட்டில் கண்ணை நம்ப முடியாது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனால், வாங்கியவர் இதே வரிசையை மறுபடி செய்ய வேண்டும். நண்பர் காட்டினார் என்பதற்காக விட்டுவிடக்கூடாது.

தேங்கா எண்ணெய் போடலாமா? நம்மகிட்ட அதுதான நெறைய இருக்குது?

வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். வால்பாறை, ஊட்டிக் குளிரில் பிஸ்டலின் உள்ளே மெழுகு மாதிரி நின்றுவிடும். நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காதபோது வெள்ளைத் தையல் மெஷின் எண்ணெய் ஆகும். ஸ்லைடு ஓடும் தடத்தில் பக்கத்துக்கு ஒரு துளி, அவ்வளவே. வழியும் எண்ணெய் தோட்டாவின் அடியில் இறங்கி மருந்தைக் கெடுக்கும்.

துடைக்க நம்ம ஊர் பனியன் வேஸ்டை மிஞ்சிய துணி இல்லை. வெள்ளைப் பருத்திப் பின்னலாகப் பொறுக்கி, .32 பேரலுக்கு ஒரு அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் கலந்தது எண்ணெயை இழுக்காது. சுத்தம் செய்யும் திரவத்தில் நனைத்த துண்டு ஒன்று, பத்து நிமிடம் ஊறல், பித்தளை பிரஷ் பத்துத் தடவை, பிறகு வெள்ளையாக வரும் வரை காய்ந்த துண்டு, கடைசியில் எண்ணெய் தொட்ட ஒரு துண்டு. சுட்ட அன்றே செய்ய வேண்டும். சுடாவிட்டாலும் ஆடி, ஐப்பசி ஈரக் காற்றில் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள். விரல் ரேகையில் இருக்கும் உப்பே துருவுக்குப் போதும்.

தோல் உறையிலேயே போட்டு பீரோவுல வெச்சா போதுமுங்களா?

உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், பதப்படுத்திய ரசாயனமும் அதில் இருக்கும். மூன்று மாதத்தில் உறை தொட்ட இடமெல்லாம் துருப்புள்ளி வரும், தோட்டாவில் பச்சை பூக்கும். உறை அணியும் நேரத்துக்கு மட்டும்.

துப்பாக்கி காலியாக, பூட்டுள்ள இரும்பு பீரோவில் அல்லது பெட்டகத்தில். தோட்டா தனிப் பூட்டில். சாவி உங்களிடம் மட்டும். பீரோவைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள், தூக்கிக்கொண்டே போய்விடுகிறார்கள். ஈரம் இழுக்கும் சிலிக்கா மணிப் பொட்டலம் இரண்டு உள்ளே போட்டு, மாதம் ஒரு முறை மாற்றுங்கள்.

இடுப்புல வெச்சுட்டுப் போறப்ப வெளிய தெரியலாமா?

கூடாது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடம்போடு சேர்ந்த உறையிலோ பையிலோ, முழுக்க மூடியபடி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. வேட்டிக்குள் அப்படியே செருகுவது, சட்டையைத் தூக்கிக் காட்டுவது, மேசை மேல் வைத்துப் பேசுவது எல்லாமே மீறல். உரிமத்தை எப்போதும் கூடவே வைத்திருங்கள். குடித்திருந்தால் துப்பாக்கி பீரோவிலேயே இருக்கட்டும்.

நம் பக்கம் புழங்கும் .32 பிஸ்டல்களில் பழையவை நிறைய. கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் அமைப்பு அவற்றில் இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் சேம்பர் காலியாகவே எடுத்துச் செல்லுங்கள். பழைய ரிவால்வரில் சுத்தியலுக்குக் கீழ் வரும் அறையைக் காலியாக விட்டு ஐந்து மட்டும். உறை டிரிக்கர் வளையத்தை முழுக்க மூட வேண்டும். காரின் டாஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கண்ணாடியை உடைத்து எடுத்துப் போனால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கொழிஞ்சாம்பாறையில தோப்பு இருக்குதுங். பிஸ்டலோட போலாமா?

உரிமத்தில் எந்த எல்லைக்குச் செல்லும் என்று எழுதியிருக்கிறது, அதைப் பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்றால் கேரள எல்லையில் வாளையாறு, கோபாலபுரம், ஆனைக்கட்டி எதைத் தாண்டினாலும் அது உரிமமில்லாத துப்பாக்கி. தோப்பு சொந்தம் என்பதால் மாறாது. எல்லையை நீட்டிக்கத் தோப்புப் பத்திரத்தோடு விண்ணப்பிக்கலாம். கூர்க்கில் உரிமம் வேண்டாமே என்று சிலர் சொல்வார்கள். அந்த விலக்கு கொடவர்களுக்கும் அங்குள்ள ஜம்மா (பரம்பரை உரிமை) நிலக்காரர்களுக்கும் மட்டும் உரியது.

காட்டுப்பன்னி மக்காச்சோளத்தை அழிக்குது. லைசென்ஸ் துப்பாக்கிதானே, சுட்டா என்ன?

துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது வேறு, வனவிலங்கைச் சுட அனுமதி வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி வருகிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட 2025ல் தமிழக அரசு வழி செய்தது, ஆனால் சுடுவது வனத்துறையினர். பயிர்ச் சேதத்தைப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். தவிர, .32 குண்டு பன்றியைக் காயப்படுத்துமே ஒழியச் சாய்க்காது. காயம்பட்ட பன்றி திரும்பி வரும்.

கல்யாணத்துல வானத்தைப் பாத்துச் சுட்டா யாருக்கு என்னங்க?

மேலே போன குண்டு கீழே வந்தே தீரும். கொண்டாட்டத்துக்குச் சுடுவது 2019 திருத்தப்படி தனிக் குற்றம், 2 வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

எலக்ஷன் வந்தா ஒப்படைக்கோணும்கறாங்களே?

தேர்தல் தேதி அறிவித்ததும் ஸ்டேஷனிலிருந்து சொல்வார்கள். எண், தோட்டா எண்ணிக்கை, துப்பாக்கியின் நிலை மூன்றையும் எழுதிய ரசீது வாங்குங்கள். எண்ணெய் தடவி, உறை இல்லாமல், பாலிதீன் சுற்றாமல் துணிப்பையில் கொடுங்கள். டீலரிடம் வைத்தால் வாடகை ஆகும், ஆனால் ஈரமில்லாமல் இருக்கும். போட்டிக்குப் போகும் வீரர்களும், உயிருக்கு ஆபத்து உள்ளவர்களும் விலக்குக் கேட்டு முன்கூட்டியே மனுக் கொடுக்கலாம்.

நான் ஒரு வாரம் ஊர்ல இருக்க மாட்டேன். பண்ணையத்துக்காரர்கிட்ட குடுத்துட்டுப் போலாமா? இல்ல ஊட்டுல சாவிய விட்டுட்டுப் போலாமா?

இரண்டும் கூடாது. உரிமம் உங்கள் ஒருவருக்கு. காவலாள் ஒருவர் வைத்திருக்க வேண்டுமென்றால் அவர் பெயர் உங்கள் உரிமத்திலேயே ஏறியிருக்க வேண்டும். மனைவிக்கு, மகனுக்கு என்றாலும் அதே விதிதான். சாவியை எடுத்துக்கொண்டு போங்கள், நீண்ட பயணம் என்றால் டீலரிடம் வைத்துவிட்டுப் போங்கள்.

திருடன் உள்ள வந்துட்டான், சுட்டுட்டேன். கேஸ் வருமா?

வழக்குப் பதிவாகும், விசாரணையும் நடக்கும். தற்காப்பா இல்லையா என்பது அதில் முடிவாகும். பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. கொள்ளை, பொழுது சாய்ந்து விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைவது, உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான பயம், இவற்றில் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் உரிமை நீளும். ஆனால் தேவைக்கு மேல் போகக்கூடாது. தேங்காய் திருடியவன், சுவரேறி ஓடிக்கொண்டிருப்பவன், கையைத் தூக்கி நிற்பவன் இவர்களைச் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. நடந்துவிட்டால் உடனே 112க்குச் சொல்லுங்கள், ஆம்புலன்ஸ் கேளுங்கள், காலி கேஸைப் பொறுக்காதீர்கள், எதையும் இடம் மாற்றாதீர்கள்.

எனக்கு இனி வேண்டாமுங். தெரிஞ்சவருக்குக் குடுத்துடலாமா?

உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். அவர் உரிமத்தில் அந்த வகையும் போரும் இருக்க வேண்டும், அவரிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கக்கூடாது. விற்கப்போவதை மாவட்ட ஆட்சியருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் சொல்லி 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். முன்பணம் வாங்கினாலும் அதுவரை துப்பாக்கி உங்கள் பீரோவில்தான். கொடுத்த அன்றே இருவர் உரிமத்திலும் பதிந்து, உங்கள் பெயரிலிருந்து எண் நீங்கியதற்கான நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்க ஆளே கிடைக்காவிட்டால் டீலரிடமோ ஸ்டேஷனிலோ ஒப்படைத்து ரசீது பெற்று, அதே நாளில் உரிமத்தை ரத்து செய்யக் கடிதம் கொடுத்துவிடுங்கள்.